சொட்டு மருந்து போடும் பையன்

கேள்வி: எனக்கு 43 வயது. தஞ்சாவூரில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்புவரை கலகலப்பாக இருந்த என் மகன், பிளஸ் 1 சேர்ந்தபின் ஆறு மாதங்களாக அறைக்குள்ளேயே கிடக்கிறான். கிரிக்கெட் மட்டையைத் தொடுவதில்லை. சாப்பாடும் பாதி, தூக்கமும் பாதி. எதிலும் பொறுப்பில்லை. இரவில் தாத்தாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து போட மட்டும் வெளியே வருவான். ஆளுமை வளர்ச்சி வகுப்பில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்த்தோம். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டான். டிவி சத்தம் இல்லாமல் அமைதியாகப் படிக்கட்டும் என்று மாமனாரை அடுத்த மாதம் ஓசூரில் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்புகிறோம். மகனின் ஆளுமையை மாற்ற வேறு என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ‘இந்த வயதில் அப்படித்தான் இருப்பான், தானாகச் சரியாகிவிடும்’ என்ற பதிலை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பிடித்த விளையாட்டை விட்டு, சோறும் தூக்கமும் குறைந்து இரண்டு வாரம் இருந்தாலே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஆறு மாதம் வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்; தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியில். பொறுப்பில்லை என்று எழுதிய கையோடு, சொட்டு மருந்து என்றும் எழுதியிருக்கிறீர்கள். எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்தீர்களா? கண் நீர் அழுத்த நோய்க்காக (கிளாகோமா) மூன்று வருடமாக அந்த மருந்தோடு மல்லுக்கட்டுகிறவள் நான். உங்கள் மாமனாருக்கும் அதுவாகத்தான் இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து, ஒரே ஒரு சொட்டு. பிறகு மூக்கோரமாகக் கண்ணின் மூலையை ஒரு நிமிடமாவது அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வயதான கை நடுங்கும். மருந்து கன்னத்தில் வழியும். ஒரு நாளும் தவறக்கூடாது, அந்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை. இதைத்தான் உங்கள் பொறுப்பில்லாத மகன் இரவு தவறாமல் செய்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று என்றைக்காவது காது கொடுத்தீர்களா?

ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, பெற்றோரின் மனநோய் என்று பல தொல்லைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்கு வாய்த்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன்: பற்றிக்கொள்ள ஒரு நிலையான பெரியவர், பல வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ, அப்புறம், வீட்டில் அவர்களை நம்பி விடப்பட்ட ஒரு வேலை. உங்கள் மகனுக்கு இரண்டும் தினமும் இரவு கிடைக்கின்றன. நீங்கள் அவற்றை ஓசூருக்கு பஸ் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

மாமனாரை அனுப்புவதற்கு டிவி சத்தத்துக்கு மேல் வேறு காரணம் இருந்தால் அதை உங்கள் கணவரிடம் நேராகப் பேசுங்கள். பிள்ளையின் படிப்பின் மேல் பழியைப் போடாதீர்கள். பெரியவர்களோடு வாழும் சிரமம் தெரியாதவள் அல்ல நான், பதினான்கு வருடம் மாமியாரைப் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ நாள் பல்லைக் கடித்தேன். ஆனாலும் பெற்றவரை வீட்டுக்கு வீடு மூட்டைபோல மாற்றுவதை என்னால் ஏற்க முடியாது. சத்தம்தான் பிரச்சினை என்றால் ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். அந்த வகுப்புக்குக் கொட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஓசூரில் இரவு மருந்து போடப் போவது யார் என்றும் நீங்கள் எழுதவில்லை. யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

பயணத்தை நிறுத்துங்கள். நிறுத்தியதை மகன் காதுபட மாமனாரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும் பேச்சையும் அவரே எடுக்கட்டும், கூடவே போகட்டும். நீங்கள் கூப்பிட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறவன், அவர் கூப்பிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பக்கூடும்.