அந்த மஞ்சள் காமாலை

கேள்வி: எனக்கு வயது 44. குடவாசல் அருகே ஒரு கிராமம். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டபோது இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனைக்குக் கூப்பிட்டார்கள், கூச்சத்தால் போகவில்லை. தைக் கடைசியில் மகளுக்குத் திருமணம். இப்போது ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும். என் அம்மா 46 வயதில் மார்பில் புண்ணாகி இறந்தபோதும், எங்களுக்கு வரன் பார்க்க வேண்டியிருந்ததால் மஞ்சள் காமாலை என்றே வெளியில் சொன்னோம். கல்யாணம் முடியும்வரை பொறுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பொறுக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை எழுதித் தபாலில் சேர்த்த நேரத்துக்கு நீங்கள் திருவாரூருக்குப் பேருந்து ஏறியிருக்கலாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை, ஆகவே பயப்படாதீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். முதற்பாதி உண்மைதான், ஆனால் உங்கள் கட்டி எந்த வகை என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும், பத்தி எழுதுகிறவள் அல்ல. வலி இல்லை என்பதை ஏதோ ஆறுதலைப்போல எழுதியிருக்கிறீர்கள். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்திருந்தால் இத்தனை பெண்கள் இவ்வளவு தாமதித்து மருத்துவரிடம் வந்திருக்க மாட்டார்கள்.

கட்டியைப் பற்றியும் சம்பந்தியைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, பெற்ற தாயின் சாவைப் போகிற போக்கில் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது; தாய்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பிருந்தே மகள் ஆண்டுதோறும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்கள் தாய் இறந்தது 46இல் என்றால் நோய் வந்தது அதற்கும் முன்பு. ஆகவே நீங்கள் 35 வயதை ஒட்டியே தொடங்கியிருக்க வேண்டும். இந்த ஒன்பது ஆண்டுகளைத் தின்றது அந்த மஞ்சள் காமாலைதான்.

பின்கட்டில் கிடத்தி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, விருந்தாளி வந்தால் கதவைச் சாத்தி, பெயர் சொல்லாமலேயே அனுப்பிவைக்கப்பட்ட அம்மாக்களைப் பற்றி இந்த டெல்டாவிலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் கொஞ்சமல்ல. ஒரு வீட்டில் வயிற்றுவலி, இன்னொரு வீட்டில் நெஞ்சுவலி, உங்கள் வீட்டில் காமாலை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான். அவர் அதை மூடி மறைக்கவில்லை; ஊரறியச் சொல்லிப் பணம் திரட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார்.

இப்போது அதே பொய்யை மகளுக்கும் சீராகக் கொடுத்தனுப்பப் பார்க்கிறீர்கள். நகைக்கும் பாத்திரத்துக்கும் பட்டியல் போடுகிற தாய், பாட்டி எதனால் செத்தாள் என்பதை மட்டும் சொல்லாமல் பெண்ணை அனுப்பினால் அதைக் கடமை தவறியதாகவே நான் கொள்வேன். தாலி ஏறுவதற்கு முன்பே அவளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் தெரியட்டும். இந்த உண்மையைக் கேட்டு முறிகிற சம்பந்தம், பெண் நாளை ஒரு காய்ச்சலில் படுத்தாலும் முறியும். உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பதையும் கவனித்தேன். அவர் கட்டிய தாலியின் கயிற்றை மாற்றும்போது கண்டதை அவரிடமே நான்கு மாதம் மறைத்திருக்கிறீர்கள். இன்றிரவு சொல்லுங்கள். உடன் வர வேண்டியவர் அவர்.

திருமணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பார்கள். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஊசி பட்டால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். புற்றாகவே இருந்தாலும், கட்டி சிறிதாக இருக்கும்போது போனவர்களில் பலருக்கு மார்பை முழுவதும் எடுக்காமல், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்துக் குணப்படுத்த முடிகிறது. அக்குளில் நெறி கட்டிய பிறகு போனால் சிகிச்சை நீளும், செலவும் கூடும். செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

கூச்சத்தால் போகவில்லை என்றீர்களே, அதற்கும் ஒரு சொல். 1998இல் தொடங்கி மும்பையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கொரு முறை வெறுங்கையால் மார்பைச் சோதித்ததாலேயே, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் நேரும் சாவு முப்பது சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. சுகாதார நிலையத்தில் உங்களைக் கூப்பிட்டது அந்தச் சோதனைக்குத்தான். 30 வயதைக் கடந்த எந்தப் பெண்ணும் அங்கே போகலாம். உங்கள் தங்கையோ அக்காவோ இருந்தால், அவர்களும் அதே தாயின் பிள்ளைகள்தான், அவர்களையும் அனுப்புங்கள்.

திங்கட்கிழமை காலையில் கிளம்புங்கள். பதற்றத்தில் மறந்துபோகும், எனவே கட்டியை முதலில் கண்ட நாள், உங்கள் கடைசி மாதவிலக்குத் தேதி, சாப்பிட்டுவரும் மாத்திரைகள், தாய் இறந்த வயது, இறந்த காரணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். காரணம் என்ற இடத்தில் மஞ்சள் காமாலை என்று எழுதிவிடாதீர்கள்.