யாங்கூனில் ஷ்வேடகன் பகோடா தவிர பார்க்க வேறு ஒன்றுமே இல்லையா?

இரண்டு நாள் மியான்மரில் (பர்மா) யாங்கூனில் தங்கப் போகிறேன், ஷ்வேடகன் புத்தக் கோயிலை விட்டால் அங்கே ஒன்றுமில்லையாமே என்று கேட்டிருக்கிறீர்கள். டிராவல்ஸ்காரர் யாராவது சொல்லியிருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த ஊரைப் பார்க்க வேண்டிய இடம் தெருதான்.

நான் போனது 2018 டிசம்பரில். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நிலைமை வேறு என்று எனக்கும் தெரியும். பழைய கதை பேசுகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

காலையில் பான்சொடான் படகுத்துறைக்குப் போங்கள். எதிர்க்கரையில் இருக்கும் டலாவிலிருந்து ஃபெரி வந்து நின்றதும் கீரைக்கட்டு, கோழிக்கூடை, டிபன் கேரியர் என்று கூட்டம் இறங்கும். ஆறு சேற்று நிறத்தில் இருக்கும். குளிர்காலத்தில் கடற்காகங்கள் படகைச் சுற்றிப் பறக்கும், ஜனங்கள் தீனியை மேலே வீசுவார்கள். பெண்கள், குழந்தைகள் கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைப் பூச்சு. ஆண்கள் லோஞ்சி கட்டியிருப்பார்கள், நம் கைலி மாதிரிதான். சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து போவார்கள், ஒருவருக்குப் போகும் வழி தெரியும், மற்றவருக்கு வந்த வழி. டீக்கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் சும்மா குடிக்க வெறும் டீ ஃபிளாஸ்க் மேசையிலேயே இருக்கும். அழுக்கு இல்லையா என்றால், இருக்கிறது. சாக்கடையும் இருக்கிறது, வெற்றிலை எச்சிலும் இருக்கிறது. அதற்காக ஒரு ஊரையே ஒதுக்கிவிடுவதா?

எனக்கு இது சொந்த விஷயம். அப்பா பிறந்தது ரங்கூனில், யாங்கூனின் பழைய பெயர் அதுதான். 1964-இல் ஒன்பது வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அந்த வருஷம் மே மாதம் பர்மா பணமான கியாட்டில் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்று அங்கே அறிவித்தார்கள். தாத்தா கடையில் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் காகிதமாகிவிட்டது. பிற்காலத்தில் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கலாம் என்று அப்பா பாஸ்போர்ட்டுக்கு அலைந்தபோது, பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் காகிதம் கேட்டால் எங்கே போவார்? அதிலேயே அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டவுனுக்குள் குறுகலான தெருக்களில் லிஃப்ட் இல்லாத பழைய மாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும், நுனியில் கிளிப்போ பையோ இருக்கும். பேப்பர்காரப் பையன் பேப்பரை அதில் மாட்டிவிட்டுப் போவான். நான் தங்கியிருந்த தெருவில் ஒரு மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடைக்காரம்மா, குழம்புப் பொட்டலத்தைக் கயிற்றில் மாட்டச் சொல்லி என்னிடம் சைகை காட்டினார். மாட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்தேன். நாலாவது மாடியில் ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, நிதானமாகக் கைமாற்றிக் கைமாற்றி மேலே இழுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "மேல் நுனியில் மணி கட்டியிருக்காங்களாடா?"

கட்டியிருந்தார்கள்.