கவுன்சில் டாக்ஸ் ஜீரோ, தண்ணிக்கு மட்டும் ஏன் பில்லு?

கேள்வி: அண்ணா, நாங்க கிளாஸ்கோல இருக்கோம். வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு, அரசு குடுக்குற யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைல தான் வண்டி ஓடுது. கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி) ரிடக்‌ஷன் முழுசா கெடச்சிருச்சு, அப்பாடான்னு உக்காந்தா தண்ணிக்கும் கழிவுநீருக்கும் காசு கட்டுங்கன்னு கவுன்சில்ல இருந்து பில்லு வந்து நிக்குது. தப்பா அனுப்பிட்டாங்களா? கட்டலன்னா லைன கட் பண்ணிருவாங்களா? (வாசகி, கிளாஸ்கோ)

தப்பா அனுப்பலம்மா. பில்ல மறுபடி எடுத்துப் பாருங்க, கவுன்சில் டாக்ஸ், தண்ணி, கழிவுநீர்னு தனித்தனியா போட்டிருக்கும். அதுல மொத ஐட்டம் மட்டும்தான் உங்களுக்கு ஜீரோ ஆச்சு. மத்த ரெண்டும் ஸ்காட்லாந்து அரசோட தண்ணி நிறுவனமான ஸ்காட்டிஷ் வாட்டருக்குப் போற காசு, கவுன்சில் வசூல் பண்ணிக் குடுக்குது, அவ்ளோதான். அதுல அதிகபட்சம் 35% தான் கழிப்பாங்க (2021 ஏப்ரல் வரைக்கும் அதுவும் 25% தான்), மிச்ச 65% கையில காசு இருந்தாலும் இல்லாட்டியும் நீங்க கட்டியே ஆகணும், எனக்கு இது அநியாயமா தான் படுது. இந்தத் தள்ளுபடிக்குத் தனியா அப்ளை பண்ண வேணாம், ரிடக்‌ஷன் கெடச்சவங்களுக்குத் தானா கழிஞ்சிரும், இருந்தாலும் பில்லுல வந்திருக்கான்னு ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க.

வீட்டு லைன கட் பண்ண அங்க சட்டத்துல எடமே இல்ல. அதுக்காக சும்மா விட்டுறாதீங்க. கவுன்சில் ஷெரிஃப் கோர்ட்டுக்கு (உள்ளூர் நீதிமன்றம்) போய் பாக்கி வசூலுக்கு வாரன்ட் வாங்குச்சுன்னா பாக்கி மேல 10% ஏறும், அப்புறம் ஷெரிஃப் ஆஃபிசர் (கோர்ட் சார்பா கடன் வசூலிக்கிறவர்) லெட்டர், பேங்க் அக்கவுன்ட்ல கை வைக்கிறதுன்னு போய்க்கிட்டே இருக்கும். அதுக்கு முன்னாடியே போன் போட்டு தவணை கேட்டுருங்க.

கேள்வி: நாங்க தண்ணிய பாத்து பாத்து தான் செலவு பண்றோம், பில்லு குறையவே மாட்டேங்குதே? (வாசகர், எடின்பரோ)

எப்படிங்க குறையும், ஸ்காட்லாந்துல கிட்டத்தட்ட எந்த வீட்டுக்கும் மீட்டரே கெடையாதே. 1991 ஏப்ரல்ல உங்க வீடு என்ன வெலைக்குப் போயிருக்கும்னு ஒரு கணக்கு வச்சு ‘ஏ’ல இருந்து ‘எச்’ வரைக்கும் பேன்ட்னு (பிரிவு) பிரிச்சிருக்காங்க, அத வச்சுத்தான் தண்ணிக் காசு, ‘ஏ’ வீட்ட விட ‘எச்’ வீடு மூணு மடங்கு கட்டும். பெரிய வீட்டுக்காரன் பெரிய பணக்காரன்னு ஒரு நெனப்பு. பாதி சரிதான், ஆனா வீட்டோட சைஸுக்கும் இந்த மாசம் கையில இருக்குற காசுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

கேள்வி: நம்ம சார்பா பேச யாராச்சும் இருக்காங்களா சார்? (வாசகர், டண்டீ)

இருக்காங்க, என்ன, போர்டு தான் மாறிக்கிட்டே இருக்கு. 2002ல மூணு தண்ணி வாரியத்த சேத்து ஸ்காட்டிஷ் வாட்டர ஆரம்பிச்சப்ப வாடிக்கையாளர் குழுக்கள் இருந்துச்சு, அது அப்புறம் வாட்டர்வாட்ச் ஸ்காட்லாந்து ஆச்சு, 2011ல அதையும் இழுத்து மூடி புகார் வேலைய ஓம்புட்ஸ்மன்கிட்ட (பொதுச் சேவைப் புகார்கள விசாரிக்கிற அமைப்பு) தள்ளிட்டாங்க. அதே வருஷம் கஸ்டமர் ஃபோரம்னு ஒண்ணு வந்துச்சு, அது நெஜமாவே நல்ல விஷயம், வெறுமனே கருத்து கேட்டுட்டு அனுப்பாம ஸ்காட்டிஷ் வாட்டரோட நேரா உக்காந்து பேரம் பேச விட்டாங்க, அதனாலதான் 2015ல இருந்து மூணு வருஷமும் வருஷத்துக்கு 1.6% தான் பில்லு ஏறுச்சு. இப்ப 2022ல வந்த கன்ஸ்யூமர் ஸ்காட்லாந்து அந்த வேலைய பாக்குது. 2025 ஏப்ரல்ல பில்லு 9.9% ஏறுனத நீங்களே பாத்திருப்பீங்க.

ஆனா ஃபோரம் பேசுனதெல்லாம் எல்லாருக்கும் சேத்து எவ்ளோ ஏத்தலாம்னு. வேலை போன வீட்டுக்கு எவ்ளோ கழிக்கணும்ங்கிறது அந்த டேபிளுக்கே வராது, அது அமைச்சர்கள் கையில இருக்கு. பைப் ஒடஞ்சா ஸ்காட்டிஷ் வாட்டர்கிட்ட கம்ப்ளைன்ட் குடுங்க, அங்க வேலைக்கு ஆகலன்னா ஓம்புட்ஸ்மன். காசு மேட்டருக்கு உங்க ஏரியா எம்எஸ்பிக்கு (ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்) எழுதுங்க, எழுதுறப்ப தண்ணி வெலை ஜாஸ்தின்னு பொதுவா பொலம்பாம, அந்த 35% ஏன் 50% ஆகக்கூடாதுன்னு நேரா கேளுங்க.