பேன்ட் பாக்கெட்ல மின்ட் வாசனை - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் 9-வது படிக்கிறான். துவைக்கப் போட்ட யூனிஃபார்ம் பேன்ட் பாக்கெட்ல டீ பேக் மாதிரி குட்டியா ஒரு வெள்ளைப் பொட்டலம். மோந்து பாத்தா மின்ட் வாசனை. மவுத் ஃப்ரெஷ்னர்னு சாதிக்கிறான். நம்பலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

நம்பாதீங்கம்மா, அனேகமா அது கூல் லிப் மாதிரி குட்டிப் பொட்டலத்துல வர்ற புகையிலைதான். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சுக்குவாங்க, புகை வராது, துப்ப வேண்டாம், டீச்சர் முன்னாடி முதல் பெஞ்ச்லயே உக்காந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. வெறும் புகையிலைன்னா காரத்துல முதல் நாளே துப்பிருவான், அந்த மின்ட் குளிர்ச்சிதான் எரிச்சலை மறைச்சு மறுநாளும் வாங்க வைக்குது. 2019-ல நாடு முழுக்க 13-15 வயசு ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட எடுத்த சர்வேல 8.5 சதவீதம் பேர் புகையிலை தொடுறவங்க, அதுலயும் மெல்லுற வகை பழகினவங்கள்ல பாதிக்கு மேல 10 வயசு முடியறதுக்குள்ளயே ஆரம்பிச்சிருக்காங்க. அடிக்காதீங்க, அடிச்சா ஒளிச்சு வைக்கத்தான் கத்துக்குவான். கீழ் உதட்டை மடக்கி உள்பக்கம் பாருங்க, வெள்ளையா சுருக்கம் விழுந்த மாதிரி இருந்தா உடனே பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. விட முடியலன்னு அவனே சொன்னா 1800-112-356, இலவச நம்பர்.

கேள்வி: தமிழ்நாட்டுலதான் குட்காவுக்குத் தடை இருக்கே, அப்புறம் எப்படி இதெல்லாம் கிடைக்குது?
- வாசகர், ஓசூர்

தடை 2013-லயே வந்துருச்சு, ஆனா அது புகையிலைச் சட்டத்துல வந்த தடை இல்லைங்க, உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல வந்தது. சாப்பிடுற பொருள்ல புகையிலை, நிகோடின் சேர்க்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வருஷமும் புதுப்பிச்சுட்டு வர்றாங்க. கம்பெனிக்காரங்க சும்மா இருப்பாங்களா? பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை தனி பாக்கெட், கலக்குற வேலை உன் வாய்க்குன்னு விட்டுட்டாங்க. வருஷா வருஷம் இப்படி நீட்டிக்க அதிகாரம் இல்லைன்னு 2023 ஜனவரில சென்னை ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்புக்கு ஸ்டே கொடுத்துச்சு. 2024-ல ஒரு ஜாமீன் கேஸ்ல மதுரைக் கிளை, ஸ்கூல் பசங்க கூல் லிப்புக்கு அடிமையாகுறாங்க, இதை ஏன் நாடு முழுக்கத் தடை பண்ணக் கூடாதுன்னே கேட்டுச்சு. நியாயமான கேள்விதான், இங்க தடை பண்ணி பார்டர் தாண்டினா தாராளமா கிடைச்சா என்ன பிரயோஜனம்? ஓசூர்ல இருக்கிற உங்களுக்குத் தெரியாததா!

கேள்வி: ஸ்கூலுக்கு எதிர்ல பெட்டிக்கடை வச்சிருக்கேன். மின்ட் கேப்சூல் வச்ச சிகரெட் கேட்டு வர்றாங்க. பெரியவங்களுக்கு மட்டும் விக்கலாமா?
- கடைக்காரர், விருதுநகர்

ஃப்ளேவர் சிகரெட்டுக்குன்னு தனித் தடை நம்ம நாட்டுச் சட்டத்துல இல்லைங்க. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ ஊர்க்காரங்க 2018-ல ஓட்டுப் போட்டே மென்தால் உட்பட எல்லா ஃப்ளேவரையும் கடையை விட்டுத் தூக்கிட்டாங்க, அது வேற கதை. உங்க விஷயத்துல ஃப்ளேவர் பிரச்சனையே இல்ல. 2003 சட்டப்படி 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கக் கூடாது, பள்ளி, காலேஜ்ல இருந்து 100 கஜத்துக்குள்ள, அதாவது சுமார் 91 மீட்டருக்குள்ள, தாத்தா வந்து கேட்டாலும் விக்கக் கூடாது. ஃபைன் 200 ரூபாய்தான், அதனாலதான் பல பேருக்கு பயமே இல்ல. தூரத்தை கேட்ல இருந்து இல்ல, காம்பவுண்டு சுவத்துல இருந்து அளப்பாங்க. எதிர் கடைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, டேப் எடுக்கவே வேண்டாம்.