பத்து சனிக்கிழமை

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் எல்லாம் கைவந்த வேலை. பத்து டெய்லர்கள் என்னோடு வரத் தயார். கையில் இருக்கும் 7 லட்சத்துக்கும் மெஷின் வாங்கி, ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்கலாம் என்று யோசனை. மானியக் கடனும் கிடைக்கும் என்கிறார்கள். வீட்டில் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறதா என்றுதான் குழப்பம்.

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

துணிச்சலுக்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. யூனிட்டை மூடிவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனவர்களுக்கும் அது இருந்தது.

கடிதத்தில் மெஷினுக்குப் பணம் இருக்கிறது, சம்பளத்துக்கு இல்லை. டெய்லர் பத்து, ஹெல்பர், செக்கிங் என்று 12 பேர். சனிக்கிழமைதோறும் கொடுக்கும் வாரச் சம்பளம் 60,000 என்று வையுங்கள். இரண்டு வாரம் தைத்து, டெலிவரி கொடுத்து, பில் போட்டு, 60 நாளில் பணம் வந்தால் அதற்குள் பத்து சனிக்கிழமை போயிருக்கும். சம்பளம் மட்டுமே 6 லட்சம். வாடகை, கரண்ட், நூல் தனி. பத்துப் பேர் இருந்தாலே தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயும் உண்டு. ரிஜெக்‌ஷன், ஷார்ட்டேஜ் என்று பில்லில் பிடிப்பார்கள், அது உங்களுக்கே தெரியும்.

2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி 45 நாளுக்குமேல் பணத்தை இழுக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை முதல் நாளே செய்துவிடுங்கள். ஆனால் ஒரே கம்பெனியின் வேலையை நம்பியிருப்பவர் அதே கம்பெனிமேல் புகார் கொடுப்பாரா? அதனால் இரண்டு கம்பெனி வேலையாவது இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அந்த ஒரு நாட்டு ஆர்டரை நம்பியிருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

மானியத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் அந்தப் பணம் மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாகவே கிடக்கும். சனிக்கிழமைக்கு உதவாது.

பத்து டெய்லர் வருவார்கள் என்பதையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் சம்பளம் தள்ளிப்போனால் பக்கத்துச் சந்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறதே!

நானாக இருந்தால் ஐந்து மெஷினை வாடகைக்கு எடுப்பேன், அந்த 7 லட்சத்தைச் சம்பளத்துக்கென்று ஒதுக்குவேன். அதில் ஒரு சீசன் தாண்டினால் பிறகு மெஷின் வாங்கலாம். வீட்டிலும் தைரியம் சொல்லாமல் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ராஜினாமா எழுதும் முன் ஒரு வேலை. நீங்கள் ஆர்டர் எடுக்க நினைக்கும் கம்பெனிக்கு இப்போது ஜாப் ஒர்க் செய்பவரைப் பார்த்து, கடைசி பில் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். கம்பெனியில் கேட்டால் 30 நாள் என்றுதான் சொல்வார்கள்.