சூசன்னாவின் வியாழக்கிழமை

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாயார் சூசன்னா வெஸ்லி அம்மையாரைப் போலத் தாய்மார்கள் எளிமையாகக் குடும்பம் நடத்த வேண்டும் என்று எங்கள் ஆலயத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கம் நடந்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் ‘எளிமை’ என்கிறார். மிக்சி ஜார் ஒழுகுகிறது, மாற்றலாம் என்றாலும் அதே பதில். போன மாதம்தான் தவணையில் புது பைக் எடுத்தார். நான் ஆசை பிடித்தவளா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: பிரசங்கியார் பாதிக் கதையிலேயே ஆமென் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

சூசன்னா எளிமையைத் தேடிப் போனவர் இல்லை, அது அவர் தலையில் வந்து விழுந்தது. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் கணவர் சாமுவேல் சபைக்குரு. படித்தவர், கவிதை எழுதுவார், வரவு செலவுதான் வராது. 1705-ல் கடனுக்காக அவரை லிங்கன் கோட்டைச் சிறையில் வைத்தார்கள். கொடுத்தனுப்ப வேறொன்றும் இல்லாமல் சூசன்னா தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். சாமுவேல் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்.

வீட்டில் ரொட்டிக்கே இல்லாமல் இருந்ததுண்டா என்று யார்க் பேராயர் சூசன்னாவிடம் கேட்டார். இல்லாமல் போனதில்லை, ஆனால் தின்பதற்கு முன் அதைத் தேடவும் தின்ற பின் அதற்குப் பணம் கட்டவும் பட்ட பாட்டில் அந்த ரொட்டி ருசிக்கவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். இதற்குப் பெயர் எளிமையா? நம் ஊரில் கடன் என்போம்.

அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. பெற்றது 19, பிழைத்தது 10. அத்தனை பேர் இருந்த வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழன், சார்லசுக்குச் சனி. இந்த வழக்கத்துக்கு விதை போனது நம் தரங்கம்பாடியிலிருந்து! 1706-ல் இங்கே வந்திறங்கிய மிஷனெரிகள் சீகன்பால்கும் புளூட்சௌவும் எழுதியனுப்பிய செய்திகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. அதை சூசன்னாவின் மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் கண்டெடுத்தாள். படித்து மனம் அசைந்துபோய்த்தான் இப்படித் தொடங்கினேன் என்று 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சூசன்னாவே சொல்கிறார். இருபது வருஷம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான் வெஸ்லி, அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சம் எனக்காக ஒதுக்குங்கள் என்று அம்மாவிடம் கடிதத்தில் கேட்கிறார். அப்போது அவருக்கு 28 வயது.

சூசன்னா செய்தது எல்லாமே நமக்கு ஆகும் என்றும் சொல்லமாட்டேன். ஒரு வயதிலேயே பிள்ளைகளைப் பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கியதாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை என்னால் இயல்பாகக் கடக்க முடியவில்லை. ஆனால் பெண் பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்கும்வரை தையலுக்கு உட்கார வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவரும் அவர்தான். இதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்?

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். பைக் தவணை ஒரு பக்கம், மிக்சி ஜார் ஒரு பக்கம் என்று ஒரே தாளில் எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். வாரத்தில் ஒரு மாலை பெரியவனுக்கு, ஒரு மாலை சின்னவளுக்கு என்று அவரும் கைபேசியைத் தூர வைத்துவிட்டு உட்காரட்டும், அதற்குச் செலவே இல்லை. அப்புறம், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் தேங்காய்ச் சட்னி அரைக்கும் வேலையை அவருக்குக் கொடுங்கள். அதே ஜாரில். வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டாம்.