பக்கத்து நாற்காலியின் சம்பளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நாலரை வருடமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். என் சி.டி.சி., அதாவது கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 9 லட்சம். போன மாதம் எங்கள் டீமில் சேர்ந்த ஒருவர், என்னைவிட அனுபவம் குறைந்தவர், தன்னுடையது 11 லட்சம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதே நான்தான். அன்றிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. மற்றவர்களிடமும் விசாரிக்கலாமென்றால், சம்பள விவரத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கிறது. இணையத்தில், சம்பளத்தைப் பேசிக்கொள்வது நம் சட்ட உரிமை என்கிறார்கள். அம்மாவோ, "அடுத்தவங்க சம்பளம் உனக்கெதுக்கு" என்கிறார். நேராக ஹெச்.ஆரிடம் போய்க் கேட்டுவிடலாமா?

எஸ்.,
சென்னை

அன்புள்ள எஸ்.,

விசாரியுங்கள். ஹெச்.ஆரிடம் மட்டும் இப்போதே போக வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு எண், அதுவும் சி.டி.சி. அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கேட்டு வாங்க முடியாது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இணையத்தில் படித்தது அமெரிக்க நிலவரம். அங்கே 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம், தனியார் ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதைப் பாதுகாக்கிறது. மேற்பார்வையாளர்களுக்கு அங்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் அப்படியொரு தனிப் பிரிவு கிடையாது. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த வரியை அலட்சியப்படுத்த வேண்டாம். டீக்கடையில் இருவர் பேசிக்கொள்வதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. தடயம் விட்டவர்கள்தான் மாட்டுகிறார்கள்: பேஸ்லிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டவர்கள், அலுவலக சாட்டில் "உனக்கு எவ்வளவு" என்று தட்டியவர்கள். பேரோல் (சம்பளக் கணக்கு) வேலையில் இருந்துகொண்டு, திரையில் பார்த்த எண்ணை வெளியே சொல்வது வேறு விஷயம். அது நம்பி ஒப்படைத்த தகவல். அதைத் தொடவே கூடாது, யாராவது தந்தாலும் வாங்கக் கூடாது.

அம்மாவின் சொல்லுக்கும் ஒரு பதில். அரசு வேலையில் சம்பளம் ரகசியமே இல்லை. ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் லெவல் 10 அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வொரு ஊழியரின் மாத ஊதியத்தையும் அலுவலகமே வெளியிட வேண்டும் என்கிறது. சங்கம் இருக்கும் தொழிற்சாலைகளில் ஊதிய ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளருக்கும் தெரிந்ததுதான். மூடி வைப்பது தனியார் அலுவலகங்களின் பழக்கம், அதனால் லாபம் ஒரு பக்கத்துக்கே. பேரம் பேசும் இருவரில் ஒருவருக்கு எல்லாருடைய சம்பளமும் தெரியும், மற்றவருக்குத் தன்னுடையது மட்டும். இது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்த 11 லட்சம். அதில் எதற்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே மாதிரிக்கு ஒரு கணக்கு. அவருடைய 11 லட்சத்தில் சேரும்போது ஒரே ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸ் 1 லட்சம், வேரியபிள் (கூடக் குறைய வரக்கூடிய பகுதி) 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 5 லட்சம். அதில் 12 சதவீதம் கம்பெனி பங்கு பி.எஃப். 60,000, கிராஜுவிட்டி (விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) 4.81 சதவீதம் 24,050, காப்பீட்டு பிரீமியம் 15,950. எல்லாம் போக மிஞ்சுவது 8 லட்சம், மாதம் 66,667. உங்கள் 9 லட்சத்தில் வேரியபிள் 50,000, அடிப்படை 4.5 லட்சம் என்று கொள்வோம். பி.எஃப். சிலருக்கு மாதம் 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துத்தான் கணக்கிடப்படும். உங்களுக்கு அப்படியானால் மாதம் 1,800, வருடம் 21,600. கிராஜுவிட்டி 21,645. உங்கள் காப்பீட்டைக் கம்பெனி சி.டி.சி.க்கு வெளியே கட்டுகிறது என்று கொள்வோம். மிஞ்சுவது 8,06,755, மாதம் 67,230. ஊழியர் பங்கு பி.எஃப்.பையும் கழித்தால், வரிக்கு முன் அவர் கைக்கு 61,667, உங்கள் கைக்கு 65,430.

பார்த்தீர்களா, 2 லட்சம் குறைவாக வாங்குபவரின் வங்கிக் கணக்கில் கூடுதலாக விழுகிறது. இதனால் நீங்கள்தான் அதிகம் வாங்குகிறீர்கள் என்றும் ஆகாது. பி.எஃப். அவருடைய சேமிப்புதான். ஜாயினிங் போனஸை மட்டும் தள்ளினால் உண்மையான இடைவெளி வருடம் 1 லட்சம். அதில் பாதி, வரலாம் வராமலும் போகலாம் என்கிற வேரியபிள். ஆகவே சி.டி.சி.யையும் கேட்காதீர்கள், "கையில் எவ்வளவு வருகிறது" என்றும் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவை நான்கு: வருட ஃபிக்ஸட் (நிலையாக வரும் பகுதி) எவ்வளவு, வேரியபிள் எத்தனை சதவீதம், அதில் போன வருடம் உண்மையில் எவ்வளவு வந்தது, பி.எஃப். முழு அடிப்படைக்கா 1,800 ரூபாயா. மூன்றாவதைப் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். ஏட்டில் 15 சதவீதம் போட்டுவிட்டு பாதி கொடுக்கும் இடங்கள் உண்டு.

ஒருவரிடம் கேட்டால் போதாது. அதே பேண்ட் (பதவி நிலை), அதே வேலை, அதே ஊர், ஏறக்குறைய அதே அனுபவம் உள்ள மூன்று நான்கு பேர் வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களிடம் தொடங்குங்கள். அவர்களுக்கு அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) பயம் இல்லை. உங்கள் எண்ணை முதலில் சொல்லுங்கள். "எனக்கு ஃபிக்ஸட் இவ்வளவு. இந்த பேண்டுக்கு இது சரியா, குறைவா?" என்று கேட்டால், எண்ணைச் சொல்லத் தயங்குபவர்கூட "கொஞ்சம் குறைவுதான்" என்று சொல்லிவிடுவார். அதுவே உங்களுக்குப் போதுமான தகவல். நீங்கள் யாருடைய அப்ரைசலை எழுதுகிறீர்களோ அவரிடம் கேட்காதீர்கள். அவரால் மறுக்க முடியாது. அப்ரைசல் கடிதம் வரும் வாரத்தில் யாரிடமும் பேச்செடுக்காதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் பெயரோடு சொல்லவே கூடாது. சம்பளப் பேச்சால் நட்பு முறிந்த இடங்களில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

உங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிட்டதா? ஆம் என்றால் யாரையும் கேட்காமலே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை)ப் போல ஒவ்வோர் இயக்குநரும் எத்தனை மடங்கு வாங்குகிறார் என்பதை ஆண்டறிக்கையில் போட வேண்டும். அந்த இடைநிலைச் சம்பளம் எத்தனை சதவீதம் உயர்ந்தது என்பதையும் போட வேண்டும். முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் தரும் பி.ஆர்.எஸ்.ஆர். எனும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் ஆண், பெண் ஊழியரின் இடைநிலைச் சம்பளம் தனித்தனியாக இருக்கும்.

நீங்கள் பெண் என்றால் அந்தக் கடைசி வரி உங்களுக்கு முக்கியம். ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலினம் பார்த்துச் சம்பளம் குறைக்கக் கூடாது என்பது 1976 முதல் இந்தியச் சட்டம். இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இன் 3ஆம் பிரிவில் இருக்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இவை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அளவுகோல். ஒரு ஆண், ஒரு பெண் என்ற ஒற்றை ஒப்பீடு போதாது. விசாரித்ததில் பேண்ட் முழுக்க பெண்கள் கீழேயே நிற்கிறார்கள் என்று தெரிந்தால், அப்போது தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடம் போங்கள்.

பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். புதிதாக வருபவர் சந்தை விலையில் வருகிறார். உள்ளே இருப்பவருக்குப் பழைய சம்பளத்தின் மேல் சதவீதம் ஏறுகிறது. கீழே தொடங்கியவர் கீழேயே இருப்பார். இதற்கு அலுவலகங்களில் 'கரெக்‌ஷன்' என்றொரு வழி உண்டு, வருடாந்திர ஹைக்குக்கு வெளியே தனியாகச் சம்பளத்தைச் சரிசெய்வது. ஏப்ரலில் ஹைக் வரும் இடமென்றால் ஜனவரிக்குள் மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள். கடிதம் வந்த பிறகு அவர் கையில் பட்ஜெட் இருக்காது. "இந்த பேண்டுக்கு, இந்த அனுபவத்துக்கு ஃபிக்ஸட் இத்தனை முதல் இத்தனை வரை போகிறது. நான் அதற்குக் கீழே இருக்கிறேன். புதியவர்களுக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். ஹைக்கோடு சேர்க்காமல் கரெக்‌ஷன் வேண்டும்" என்று சொல்லுங்கள். புதியவரின் பெயரை எடுக்காதீர்கள். எடுத்த நிமிடமே பேச்சு "உனக்கு யார் சொன்னது" என்று திரும்பிவிடும், உங்கள் கோரிக்கை காணாமல் போகும், அவரும் மாட்டிக்கொள்வார். பேசி முடித்த அன்றே நடந்ததைச் சுருக்கி ஒரு மெயில் அனுப்புங்கள், எப்போது பதில் வரும் என்ற தேதியோடு.

மறுத்துவிட்டால் வெளியே தேடுங்கள். ஆனால் ஐந்து வருடம் முடிவதற்குள் விலகாதீர்கள். மேலே சொன்ன மாதிரிக் கணக்கில் உங்கள் மாத அடிப்படை 37,500. அதில் 26இல் 15 பங்கு, ஐந்து வருடத்துக்கு, சுமார் 1,08,000 ரூபாய் கிராஜுவிட்டி. வேலை செய்து முடிக்கும் நோட்டீஸ் காலமும் பணிக்காலத்தில் சேரும். ஆகவே கடைசி வேலை நாள் ஐந்து வருடத்தைத் தாண்டும்படி கணக்கிட்டு ராஜினாமா தேதியை வையுங்கள்.